ஒரு பெட்ச்சுக்கு ஒரு பாஸ்வேர்ட்

பலாபத்வல பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு சட்டை, சவரச் சாமான். மாத்தளையில் இருந்த பல்கலைக்கழகப் படிப்பு நிலையத்தின் நூலகத்தில் அன்று பிற்பகல்வரை எனக்கு வேலை இருந்தது. தம்புள்ளைக்குப் போய் மரக்கறிச் சந்தையில் மூட்டை இறக்கலாம் என்று யோசனை. முன்பும் இறக்கியிருக்கிறேன். பஸ்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன, கை காட்டவில்லை. ஒரு வேலையை விட்டால் கொஞ்ச தூரம் நடப்பது என் வழக்கம். பஸ்ஸில் உட்கார்ந்தால் விட்ட வேலையையே நினைத்துக்கொண்டிருப்பேன். நடந்தால் செருப்பு கடிப்பதை நினைக்கலாம்.

நூலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் புத்தகங்களை வகைபிரிப்பதைப் பற்றியோ தட்டில் அடுக்குவதைப் பற்றியோ நான் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் முறையாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஒருவர் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "யார் செய்தது, பெயரைச் சொல்லு" என்று கேட்கும் நேரம் உங்களுக்கும் வரும். எனக்கு வந்தது. ஒரு பெண் பல்கலைக்கழகத்தில் இருப்பாளா, வெளியே போவாளா என்பது அதில் தங்கியிருந்தது. ஆகவே அதைச் சொல்கிறேன்.

நூலகத்திற்கு வருவதற்கு முன்னால் நான் பார்க்காத வேலை குறைவு. லக்கலையில் காட்டை வெட்டிப் பயிரிடும் சேனையில் காவலுக்கு இருந்தேன். யானை வந்தால் தகரம் தட்டவேண்டும், அதற்கும் யானை போகாவிட்டால் நாம் போகவேண்டும். பல்லேபொலவில் வீட்டுத் தோட்டங்களில் ஏணி வைத்து மிளகு பறித்தேன். ஏணியிலிருந்து விழுந்து கை உடைந்தபோது பாரம் தூக்காத வேலை தேவைப்பட்டது. படிப்பு நிலையத்தில் கூட்டித் துடைக்க ஆள் எடுத்தார்கள், நாட்கூலிக்கு. கை சரியான பிறகும் அங்கேயே நின்றேன். என் கணக்கில் அது ஆச்சரியம். புத்தகங்கள் சும்மா கிடந்தன, நான் எடுத்து வாசித்தேன். யாரும் தடுக்கவில்லை.

தடுக்கவேண்டியவர் நூலகர். உக்குவளைப் பக்கத்து முஸ்லிம் குடும்பத்துப் பெண், என்னைவிட நிறைய இளையவர். எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. நான் வாசிப்பதைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை வேறொருவரிடம் கொடுக்கச் செய்து, என்னை உள்ளே உதவிக்கு வைத்துக்கொண்டார். இந்த வேலையில் எனக்குத் தெரிந்தது எல்லாம் அவரைப் பார்த்துக் கற்றதுதான். ஒரு பிள்ளை வந்து ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னால் மிஸ் உடனே எழும்பமாட்டார். "எதுக்கு வேணும்?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். பிள்ளை தலையைச் சொறியும், அங்குமிங்கும் பார்க்கும், பிறகு உண்மையில் என்ன தேவை என்பதைச் சொல்லும். அது முதலில் கேட்ட புத்தகத்தில் பெரும்பாலும் இருக்காது. அந்தச் சின்ன அமைதியைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குச் சிரமமாக இருந்தது. உங்களுக்கும் இருக்கும். வாயை மூடப் பழகுங்கள்.

அந்த வருஷம் புதிய மாணவர்கள் வந்ததும் மிஸ் அவர்களை மண்டபத்தில் உட்காரவைத்து, பெரிய திரையில் காட்டி, ஆய்வுக் கட்டுரைகள் இருக்கும் இணையத்தளத்திற்குள் எப்படிப் போவது, எப்படித் தேடுவது என்று விளக்கினார். ஒவ்வொரு மாணவருக்கும் பல்கலைக்கழகம் ஒரு பாஸ்வேர்ட் தரும். அதை வைத்துக்கொண்டு, காசு கொடுத்தாலும் நமக்குக் கிடைக்காத கட்டுரைகளை வீட்டிலிருந்தே வாசிக்கலாம். மிஸ் இரண்டு நாள் விழித்திருந்து தயாரித்த பேச்சு அது. முடித்துவிட்டு, "கேள்வி இருக்கா?" என்றார்.

பின்வரிசையில் ஒரு பையன் எழும்பினான். பெயர் ரிஸ்வான்.

"மிஸ், இதெல்லாத்தையும் சேத்து ஒரு டியூட்டா அடிச்சுக் குடுப்பீங்களா?"

மண்டபமே கை தட்டியது.

சிரிக்காதீர்கள். நம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை வரைக்கும் டியூட்டில் வளர்ந்தவர்கள். டியூஷன் மாஸ்டர் அச்சடித்துக் கொடுக்கும் அந்தத் தாள்களில் கேள்வியும் இருக்கும், பதிலும் இருக்கும். அதற்கு வெளியே இருப்பது பரீட்சைக்கு வராது. அப்படிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பழகிவிட்டு வந்த பிள்ளையிடம், "இந்தா ஆயிரக்கணக்கான கட்டுரைகள், உனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்" என்றால், அது கதவைத் திறந்துவிட்டதாக நினைக்காது. நடுக்காட்டில் இறக்கிவிட்டதாகத்தான் நினைக்கும்.

அதற்குப் பிறகு நூலகத்துக் கம்ப்யூட்டர்கள் காலியாகவே கிடந்தன. மிஸ்ஸின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒருநாள் தேத்தண்ணி குடிக்க கன்டீனுக்குப் போனேன். பின்பக்க மர வாங்கில் அந்த முதலாம் வருஷப் பிள்ளைகள் கூட்டமாக இருந்தார்கள். நடுவில் ஒரு பெண் போனைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். தர்ஷினி. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆள்.

அவர்கள் நடத்தியது குப்பி. மாணவர்கள் தங்களுக்குள்ளேயே கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அதுதான் பெயர். முன்பெல்லாம் குப்பி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்ததால் வந்ததாம். இப்போது போன் வெளிச்சம். விரிவுரையில் விளங்காதது குப்பியில் விளங்கும், ஏனென்றால் குப்பியில் வெட்கப்படாமல் கேட்கலாம்.

தர்ஷினி தேடிக்காட்டிக்கொண்டிருந்தாள். மிளகுச் செய்கை செய்யும் சிறு விவசாயிகளைப் பற்றி எழுதவேண்டும் என்பது அவர்களுடைய முதலாவது ஒப்படை. விரிவுரையாளர் கொடுத்த கேள்வியை அப்படியே முழுசாகத் தமிழில் அடித்தாள். ஒன்றும் வரவில்லை. ஆங்கிலத்தில் மிளகு என்று அடித்தாள். குடமிளகாய், மிளகாய், பொலிஸ்காரர் ஆட்களின் கண்ணில் அடிக்கும் மிளகு ஸ்பிரே எல்லாம் வந்தது.

"பாருங்க, மாத்தளையில இவ்வளவு மிளகு இருக்கு, இதுக்குள்ள ஒன்னுகூட இல்ல," என்றாள்.

"எங்க வாப்பாட கடையில தேடு, ரெண்டு மூட்ட கிடக்கு," என்றான் ரிஸ்வான்.

எப்படித் தேடுவது என்று எனக்கும் தெரியாது. ஆனால் மிஸ்ஸிடம் போய், "மிஸ், மண்டபத்துக்கு அவங்க வரமாட்டாங்க, நாம கன்டீனுக்குப் போவோம்," என்றேன். மிஸ் கொஞ்சம் யோசித்தார். கன்டீனில் மாணவர்களோடு உட்காருவது அங்கே வழக்கமில்லை. பிறகு எழும்பி வந்து, வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். மிஸ் தர்ஷினியிடம், "மிளகுல உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்றார். வழக்கம்போல அமைதி. தர்ஷினி நெடுநேரம் கழித்துச் சொன்னாள்:

"எங்க லயத்து வீட்டுக்குக் கீழ ஒரு ஐயா மிளகுக் கொடிய வெட்டிட்டு வாழை போட்டாரு மிஸ். விலை நல்லாத்தானே இருந்துச்சு. ஏன் வெட்டினாருன்னு தெரியணும்."

"அதத்தான் தேடணும்," என்றார் மிஸ். செடியின் தாவரவியல் பெயரைப் போட்டால் மிளகாய் ஒதுங்கிவிடும் என்று காட்டினார். ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கும் உசாத்துணைகளை, அதற்கு உதவிய கட்டுரைகளின் பட்டியலை, பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம் என்று காட்டினார். அன்றிலிருந்து அந்தக் குப்பிக்கு வாரம் ஒருமுறை மிஸ் போனார். தர்ஷினி மற்ற நாட்களில் நடத்தினாள். நூலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் இடம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல வேலைகளில் ஒன்று அது என்று இப்போதும் நினைக்கிறேன்.

சிக்கல் அதற்குள்ளேயே இருந்தது. புதிய மாணவர்கள் குறித்த நாட்களுக்குள் முதல்முறை உள்ளே நுழைந்து தங்கள் பாஸ்வேர்ட்டை மாற்றவேண்டும். தவறினால் அது பூட்டிக்கொள்ளும். பாதிப் பேரின் ஊரில் சிக்னல் இல்லை. பூட்டிக்கொண்டதைத் திறக்கச் சொல்லிப் பிரதான வளாகத்துக்கு மிஸ் எழுதினார், பதில் வரவேயில்லை. தர்ஷினி ஒருத்திதான் நேரத்தோடு நூலகத்துக்கு வந்து மாற்றியிருந்தாள். அவளிடம் இருந்ததோ ஒன்று. ஒரு சோத்துப் பார்சலை நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெட்ச் அது, ஒரே வருஷம் சேர்ந்த பிள்ளைகள். அவள் பாஸ்வேர்ட்டைக் குப்பியில் எல்லோருக்கும் சொன்னாள். அது தப்பு என்று அவளுக்குத் தோன்றியிருக்கவே முடியாது. தன்னிடம் மட்டும் வைத்திருப்பதுதான் அவளுக்குத் தப்பு.

வெசாக் பண்டிகை விடுமுறைக்கு நிலையம் பூட்டுவதற்கு முதல் நாள் பின்னேரம், ரத்தோட்டை பஸ்ஸைப் பிடிக்க தர்ஷினி நேரத்தோடு போய்விட்டாள். மற்றவர்கள் இருந்தார்கள். ஊருக்குப் போனால் சிக்னல் இல்லை, திரும்பி வந்தால் ஒப்படைக்கு நாள் இல்லை. ஆகவே எல்லாக் கம்ப்யூட்டரிலும் அவளுடைய பெயரிலேயே நுழைந்து, மிளகு சம்பந்தமாக வந்த எல்லாவற்றையும், வராத ஆட்களுக்கும் சேர்த்து, பென் டிரைவில் அள்ளினார்கள். பெட்ச் முழுவதற்கும் ஒரு முழுமையான டியூட். உலகத்தில் வேறெங்கும் இப்படியொரு தப்பை யாராவது செய்திருப்பார்களா தெரியாது.

விடுமுறை முடிந்து வந்த காலையில் தளம் திறக்கவில்லை. ஒரே பெயரில் ஒரே நேரத்தில் அத்தனை கட்டுரைகள் போனதைக் கண்டு, கட்டுரைகளைத் தரும் நிறுவனம் அதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு, எங்கள் நிலையத்தை மட்டுமல்ல, பல்கலைக்கழகம் முழுவதையும் பூட்டிவிட்டது. பிரதான வளாகத்தில் இறுதி வருஷ மாணவர்கள் ஆய்வேட்டை முடிக்க முடியாமல் கத்துகிறார்கள் என்று போன் வந்தது. பின்னாலேயே வான் வண்டியில் ஓர் உதவிப் பதிவாளர் வந்து இறங்கினார்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. வெயிலில் வந்திருந்தார், மேலே இருந்து அவருக்கு அழைப்புகள் வந்தபடி இருந்தன, பின்னேரத்துக்குள் அறிக்கை ஒன்று கொடுக்கவேண்டும். அறிக்கைக்கு ஒரு பெயர் வேண்டும். நிறுவனத்துக்கு, "இன்னார் செய்தார், இன்ன நடவடிக்கை எடுத்தோம்" என்று எழுதினால் திறந்துவிடுவார்கள். பெயர் அவரிடம் இருந்தது. தர்ஷினியைக் கூப்பிட்டார்கள்.

"நீங்கதானே செய்தது?"

"நான்தான் குடுத்தேன், சேர்."

"யாருக்குக் குடுத்தீங்க?"

அவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லாட்டி நீங்கதான் செய்ததா எழுதவேண்டி வரும். ஒரு வருஷம் இடைநிறுத்துவாங்க. ஒரு வருஷம்தானே, அடுத்த பெட்ச்சோட வந்து படிக்கலாம்."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் தோட்டத்தில், படிப்பை விட்டு வீட்டில் நிற்கும் ஒரு பெண்பிள்ளைக்கு அந்த ஒரு வருஷம் முடிவதே இல்லை. அக்கா ஏற்கெனவே கொழும்புப் பக்கம் கார்மென்ட் தொழிற்சாலையில் இருந்தாள். இவளையும் கூட்டிக்கொண்டு போக வீட்டில் பேச்சு இருந்தது. அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. பெட்ச்மேட்டைக் காட்டிக் கொடுப்பதை அவர்கள் எல்லாவற்றிலும் கேவலமாக நினைத்தார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். விடுமுறைக்கு முந்திய அந்தப் பின்னேரம் நூலகத்தில் வேலையில் இருந்தது நான்.

"யார் யார் இருந்தாங்க?"

எனக்குத் தெரியும். ஒவ்வொருவரும் எந்தக் கதிரையில் இருந்தார்கள் என்பதுகூட நினைவில் இருந்தது. "சேர், லைப்ரரில யாரு வந்தாங்க, என்ன படிச்சாங்கன்னு வெளிய சொல்ற பழக்கம் எங்களுக்கு இல்ல," என்றேன். மிஸ் எனக்குச் சொல்லித் தந்த முதல் விதி அது.

"நல்லது. அப்ப இந்தப் பிள்ள மட்டும்தான்," என்றார் அவர்.

இதைக் கவனியுங்கள். விதி சரியானது. அந்த இடத்தில் நான் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றதால் ஒரே ஒரு பிள்ளையின் கழுத்து மாட்டியது. வாயைத் திறந்தால் அங்கே இல்லாத ஒருத்திக்குப் பதிலாக இருந்த பலர் மாட்டுவார்கள். விதியில் இதற்குப் பதில் கிடையாது. இப்படி ஒரு நேரத்தில் உங்களால் செய்யக்கூடியது ஒன்றுதான்: கொஞ்ச நேரம் வாங்குங்கள். "சேர் தேத்தண்ணி குடிங்க, நான் கொண்டுவாறேன்," என்று சொல்லிவிட்டு கன்டீனுக்குப் போனேன்.

பெட்ச் வழக்கமான வாங்கில் இருந்தது. பார்சல் பிரித்தபடி இருந்தது, யாரும் கை வைக்கவில்லை.

"தர்ஷினி உள்ள இருக்கா. சேர் எழுதப் போறாரு," என்றேன்.

"என்னன்னு, அண்ணே?" என்றான் ரிஸ்வான்.

"ஒரு வருஷம்."

"அவ அன்னைக்கு இருக்கவே இல்லியே," என்றது ஒரு பெண்பிள்ளை.

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது."

அவ்வளவுதான் சொன்னேன். போங்கள் என்றோ போகாதீர்கள் என்றோ சொல்லவில்லை. அவர்களுக்குள் வாக்குவாதம் தொடங்கியது. இருவர் போனால் போதும் என்றான் ஒருவன். யார் அந்த இருவர் என்றாள் ஒருத்தி. ரிஸ்வான் எழும்பிக் கையைத் துடைத்தான். "போனா எல்லாரும். இல்லாட்டி நாளைக்கு அவ மூஞ்சிய எப்படிப் பாக்குறது? பார்சல மூடி வைங்க, காகம் தின்னும்."

நான் தேத்தண்ணியோடு திரும்பியபோது பெட்ச் முழுவதும் எனக்கு முன்னால் அந்த அறைக்குள் நின்றது. இடமில்லாமல் சிலர் வெளியே நின்றார்கள்.

"நாங்கதான் சேர்," என்றான் ரிஸ்வான்.

"நாங்கன்னா யாரு?"

"எல்லாரும்."

உதவிப் பதிவாளர் ஒவ்வொருவராகப் பார்த்தார். சுவரோடு ஒட்டி நின்ற மெலிந்த பையனிடம், "நீங்களுமா?" என்றார்.

"ஆமா சேர்."

"அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

"காய்ச்சல்ல வீட்டுல இருந்தேன் சேர்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தர்ஷினி அப்போதுதான் அழுதாள்.

அதற்குப் பிறகுதான் மிஸ், மற்றவர்களின் பாஸ்வேர்ட்கள் பூட்டிக் கிடந்ததையும் தான் எழுதியதற்குப் பதில் வராததையும் சொன்னார். அதை யாரும் அதுவரை கேட்கவில்லை. "ஏன் எல்லாரும் ஒரு பெயரில் போனார்கள்" என்று காலையிலேயே ஒருவர் கேட்டிருந்தால், வானுக்கு எண்ணெய் செலவழித்திருக்கத் தேவையில்லை. பெயரைக் கேட்பவர்களுக்கு முதலில் நடந்ததைச் சொல்லுங்கள். நடந்தது முழுவதும் தெரிந்த பிறகு, பெயர் அவ்வளவாகத் தேவைப்படாது.

ஆனால் அறிக்கைக்குத் தேவைப்பட்டது. ஒரு பெட்ச்சையே இடைநிறுத்த முடியாது. பிரதான வளாகம் பதில் போடவில்லை என்று அவரால் எழுதவும் முடியாது. "மேற்பார்வையில் குறைபாடு என்று போடலாம்," என்றார். மேற்பார்வை என்றால் மிஸ்.

"போடுங்க சேர். பொறுப்பு என்னோடதுதான்," என்றார் மிஸ்.

மிஸ்ஸின் பெயர் அறிக்கையில் போனால் இடமாற்றம் வரும். அவருக்குப் பதிலாக ஓர் ஆள் வர எத்தனை காலமாகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். குப்பியில் உட்காரும் இன்னொரு நூலகர் வரவே மாட்டார். நான் நாட்கூலி. எனக்கு நியமனக் கடிதமே இல்லை, ஆகவே ரத்துச் செய்யவும் ஒன்றும் இல்லை. "சேர், அன்னைக்கு டியூட்டில இருந்தது நான். கடமையில் இருந்த தற்காலிக உதவியாளர் நீக்கப்பட்டார்னு எழுதுங்க," என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். மிஸ் என்னை வெளியே கூப்பிட்டார்.

"நீங்க என்ன, பெரிய தியாகியா?"

"இல்ல மிஸ். நான் போனா நாளைக்கே ஒரு ஆள் எடுப்பீங்க. நீங்க போனா?"

மிஸ்ஸுக்குக் கோபம் தீரவில்லை. "பாஸ்வேர்ட் விஷயத்தையும் நான் எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எழுதினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதை உங்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லவில்லை. உங்களுக்கு நியமனம் இருக்கிறது, பிள்ளைகுட்டி இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கலாம். எனக்குப் பை ஒன்றுதான். கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் கணக்குப் போடமுடியும். அன்று என் கையில் இருந்தது இலேசாக விடக்கூடிய ஒரு வேலை.

அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். பலாபத்வல கடைகள் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் போன் அடித்தது. தர்ஷினி.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"ரோட்டுல. சொல்லு."

"யாரையும் நிப்பாட்டல. ஆனா இந்தத் தவணைப் படிப்பு முடியிறவரைக்கும் எங்க பெட்ச்சுக்கு அந்தக் கட்டுரைத் தளம் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. பென் டிரைவ் எல்லாம் வாங்கி அழிச்சிட்டாங்க. எல்லாம் என்னாலதான். வெசாக்குக்கு வந்த அக்கா நாளைக்குக் காலைல திரும்பிப் போறா, நானும் கூட கொழும்புக்குப் போறேன். கார்மென்ட்ல ஆள் எடுக்குறாங்களாம்."

எனக்கு வாயில் நிறைய வந்தது. படிப்பு முக்கியம், அம்மா பாவம், எல்லோரும் உனக்காக வந்து நின்றார்களே. எட்டாம் வகுப்பில் நான் நின்றபோதும் எனக்கு இவையெல்லாம் சொல்லப்பட்டன. ஒன்றும் வேலை செய்யவில்லை.

"ஒப்படைல எதுவரைக்கும் எழுதியிருக்க?" என்றேன்.

அமைதியாக இருந்தாள். நானும் இருந்தேன். ஒரு லொறி கடந்து போனது.

"அந்த ஐயா ஏன் கொடிய வெட்டினாருன்னு பாதி விளங்கிடுச்சு. மத்தப் பாதி ரெண்டு கட்டுரையில இருக்கு. சுருக்கம் மட்டும்தான் வாசிச்சேன். முழுசா எடுக்க வழியில்ல."

"எழுதினவங்க மெயில் முகவரி கட்டுரையோட முதல் பக்கத்துல இருக்கும்னு மிஸ் காட்டினாங்களே. சுருக்கத்தோடயும் சிலநேரம் இருக்கும். எழுதிக் கேளு."

"எனக்கா தருவாங்க?"

"தெரியாது. நிறையப் பேர் தருவாங்கன்னு மிஸ் சொன்னாங்க."

"வீட்டுல சிக்னல் இல்லையே அண்ணே. லைப்ரரிக்குள்ள போகவும் ஒரு மாதிரி இருக்கு."

"நிலையத்துக்கு எதிர்ல கொமியூனிகேஷன் கடை இருக்குல்ல, போட்டோ கொப்பி அடிக்கிற இடம். கொழும்பு பஸ் அதுக்கு முன்னாலதானே நிக்குது. பஸ்ஸுக்கு முந்தி வா. நான் அங்க இருப்பேன்."

"நீங்க ஏன் அங்க?"

"வேலைக்குச் சேர்ந்திருக்கேன்," என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பி மாத்தளைக்கு நடந்தேன். விட்டுவிட்டு வந்த ஊருக்கு அதே நாளில் நான் அதுவரை திரும்பியது கிடையாது. பஸ் ஸ்டாண்டில் படுத்தேன்.

காலையில் முதலாளி வந்து கடைக் கதவைத் தூக்கும்போது வாசலில் நின்றேன். அவருக்கு என் முகம் தெரியும்.

"என்ன, லைப்ரரி பூட்டியா?"

"லைப்ரரி இருக்கு. நான்தான் இல்ல. இங்க ஆள் தேவையா?"

"என்ன தெரியும்?"

"பிள்ளைங்க எதத் தேடி வாறாங்கன்னு கேக்கத் தெரியும்."

"அதுக்கு நான் சம்பளம் குடுக்க ஏலாது. கொப்பி அடிக்கத் தெரியுமா?"

"பழகிக்கலாம்."

அவர் மெஷினைக் காட்டினார். எந்தப் பக்கம் வைப்பது, பேப்பர் சிக்கினால் எந்தக் கதவைத் திறப்பது, மற்ற எதையும் தொடக்கூடாது. மூலையில் இருந்த கம்ப்யூட்டர் வாடிக்கையாளர்களுக்கு. என் வேலை அவ்வளவுதான், அந்த நிமிஷத்திலிருந்து.

தர்ஷினி அக்காவோடு வந்தாள். இருவர் கையிலும் பயணப் பை. அக்கா உள்ளே வரவில்லை, பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். தர்ஷினி பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, முகவரியைத் தேடி எடுத்தாள். பிறகு விரல் நின்றது.

"அண்ணே, இவங்கள என்னன்னு கூப்பிடுறது? தெரியாத ஆள். பெரிய ஆள்."

"பெயரச் சொல்லிக் கூப்பிடு. நீ யாருன்னு சொல்லு, என்ன வேணும்னு சொல்லு, ஏன் வேணும்னு சொல்லு."

அவள் ஆங்கிலத்தில் மெதுவாக அடித்தாள். அடித்ததை எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். "நான் இலங்கையில மாத்தளையில இருந்து எழுதுறேன். நான் ஒரு பல்கலைக்கழக மாணவி." அந்த இடத்தில் நிறுத்தித் திரையைப் பார்த்தாள்.

வெளியே பிரேக் சத்தம் கேட்டது. அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏய், பஸ் வந்துருச்சு. எழும்பு."

"நீ போ அக்கா. இன்னும் ஒரு ஆளுக்கு எழுதணும்."

"என்னடி, டிக்கட்டுக்கு..."

"நீ போயேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். கொண்டக்டர் கத்தினான். அக்கா தன் பையை மட்டும் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

"புது ஆள்," என்று முதலாளி கூப்பிட்டார், "பேப்பர் முடிஞ்சிருக்கு பாருங்க." நான் போய்ப் பேப்பர் கட்டைப் பிரித்து மெஷினில் வைத்தேன். மூலையில் அவள் அடுத்த கடிதத்தை அடிக்கத் தொடங்கியிருந்தாள்.